இடது பக்கத்துக் கேள்வி

இருபத்திரண்டு நாள், மூன்று மணி நேரம்... நிமிடங்களை விட்டுவிடலாம், நிமிடம் வரைக்கும் எண்ணினால் பைத்தியம் என்பார்கள், ஆனால் அது சனிக்கிழமை காலை ஏழு பத்து என்பது கயல்விழிக்குத் தெரியும், அவள் கேமராவில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது, இப்போது ரசாக் பாய் கடைச் சுவரில் மணி பத்து பத்து, ஆக இருபத்திரண்டு நாள், மூன்று மணி நேரமாக அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தினமும் சாயங்காலம் ஃபோன் மட்டும் வந்துவிடுகிறது. சாப்டியா கண்ணு, ஹாஸ்டல்ல தண்ணி வருதா, லேப்ல அந்த ஆசிட் கிட்டப் பாத்து நில்லு... எல்லாம் வழக்கம்போல. ஒன்று மட்டும் நின்றுபோய்விட்டது. எப்ப கண்ணு ஊட்டுக்கு வாரே என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா ஃபோனை வைப்பாள், இப்போது கேட்பதில்லை, சரி வெச்சரட்டுமா என்கிறாள். கேட்காமல் இருப்பதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாமா? சாயப்பட்டறைத் தண்ணீரைச் சோதிக்கும்போது நிறம் மாறாவிட்டாலும் அது ஒரு முடிவுதான், நோட்டில் எழுதித்தான் ஆக வேண்டும். அம்மாவை எந்த நோட்டில் எழுதுவது... அம்மாவுக்குத் தெரியுமா, தெரியாதா? அவள் பார்த்தது, மகள் தன்னைக் கவனிக்கவில்லை என்பதையா, கவனித்துவிட்டு ஒளிந்துகொண்டாள் என்பதையா? இந்த ஒன்று தெரிந்தால் போதும். தெரியாமல் இருந்தால் இன்னும் நல்லது.

கோட்டைமேட்டில் ரசாக் பாயின் ஃபிரேம் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை படம் எடுப்பவர்கள் பதினோரு பேர் வட்டமாக உட்கார்வார்கள். ஆளுக்கு ஒரு படம், பிரிண்ட் போட்டதுதான், ஃபோனில் காட்டக்கூடாது, கூட்டத்துக்கு முன்னால் வாட்ஸப்பில் போடவும் கூடாது. படத்தின் கதையை எடுத்தவரே சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், அது வராமல் அடுத்த படம் வெளியே வராது, கேக்கறதுக்கு ஒண்ணுமில்லைன்னா படத்தைப் பாக்கவே இல்லைன்னு அர்த்தமுங்க என்பார் ரசாக் பாய். எதற்கும் வாய் திறக்காத கயல்விழிக்கு அதற்காகவே ஒரு கேள்வி தயாராக உண்டு, என்ன லென்ஸுங்க, பதினோரு மாதமாக அதையேதான் கேட்கிறாள். பல் மருத்துவம் படிக்கும் ஷைமா கிண்டல் செய்வாள், உனக்குக் கல்யாணம் பேச வந்தாலும் மாப்பிள்ளைகிட்ட என்ன லென்ஸுன்னுதான் கேப்பே. இன்றைக்கு மூலையில் தள்ளி உட்கார்ந்தும் தப்பிக்க முடியவில்லை, தாமதமாக வந்த திருமலைசாமி சார் நேராக அவள் வலப்பக்கத்து நாற்காலிக்கு வந்து, ஏனுங்க அம்மணி, சௌக்கியமுங்களா, உங்கூருப் படந்தான் இன்னைக்கு என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

உங்கூருப் படமா... காரமடையில் எத்தனையோ இருக்கிறது, தேர் இருக்கிறது, வாழை இருக்கிறது, அவர் அந்தச் சனிக்கிழமை அங்கே நானூறு படமாவது எடுத்திருப்பார், நானூறில் ஒன்று. இருக்காது. அவர் உறையிலிருந்து பிரிண்டை உருவி, அட்டையில் சாய்த்து நிறுத்தினார், அது அம்மாதான். கறிவேப்பிலைச் செடிகளுக்கு நடுவில் இடுப்புவரை அம்மா, தலையில் துண்டு, சேலைக்கு மேலே கயல்விழியின் பழைய லேப் கோட், கையை வெட்டிச் சின்னதாக்கியது, பைக்குக் கீழே பழுப்பாக அந்த அயோடின் கறை, இரண்டாம் வருடத்தில் கொட்டியது. ஒரு கையில் அரிவாள். இன்னொரு கை தலைத்துண்டருகே தூக்கியபடி. சிரிக்கிறாள். எல்லாப் பல்லும் தெரிய, கண் சுருங்கி... இந்த முகத்தைக் கயல்விழி இப்போதுதான் பார்க்கிறாள். அந்த நேரத்தில் எட்டடி தூரத்தில்தான் நின்றாள், ஆனாலும் இப்போதுதான் பார்க்கிறாள்.

ஏன் என்றால்... ஆரம்பத்திலிருந்தே வர வேண்டும். முதல் கூட்டத்தில் திருமலைசாமி சார் கேட்டார், ஊரு எதுங்க அம்மணி, காரமடைங்க, அப்படிங்களா, தோட்டங்காடு எல்லாம் இருக்குதுங்களா? அவள் தலையாட்டினாள். பொய் சொல்ல வாய்கூடத் திறக்கவில்லை, கழுத்து போதுமாக இருந்தது. அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது, எத்தனை ஏக்கர், கிணறா போர்வெல்லா, அவள் மறுபடியும் தலையாட்டினாள். சொந்தமாக ஒரு செடி வைக்கும் அளவுக்குக்கூட இடமில்லாத வீடு, அப்பா காளிச்சாமி இப்போது ஒரு ஸ்பின்னிங் மில்லில் வாட்ச்மேன், அதற்கு முன்னால் இரண்டு பேருமே அடுத்தவர் காட்டில்தான், அம்மா இன்னமும். ஏன் ஆட்டினாய்? உண்மையைச் சொல்லியிருந்தால் அடித்தா இருப்பார்கள்? மாட்டார்கள், நன்றாகத்தான் நடத்தியிருப்பார்கள், இன்னும் நன்றாக, அதுதான் பயம், அந்த இன்னும் நன்றாக. பிறகு அந்தத் தலையாட்டல் குட்டி போட்டது. உங்க பக்கம் ஒருநாள் கூட்டிட்டுப் போங்க, காலைப் பனியில கறிவேப்பலைக் காடு பாக்கணும், எல்லோரும் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு ஃபோன் போட்டு, நாளைக்கு எங்கம்மா வேலை என்றாள். சிக்காரம்பாளையம் பக்கம் கண்ணு, ஏன், வாரியா? இல்லம்மா, சும்மா. அந்த வாரியாவில் இருந்த ஆசையை அப்போது கேட்டும் கேட்காத மாதிரி விட்டாள். மறுநாள் எதிர்ப்பக்கம், வெள்ளியங்காடு ரோட்டுக்குக் கூட்டிப்போனாள், அங்கே ஒரு தோட்டக்காரரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள். வியாபாரி அவசரமாக லோடு கேட்டிருப்பான், விடியும்போது கூலி ஆட்களை ஏற்றிய ஆட்டோவை இந்தப் பக்கம் திருப்பியிருப்பார்கள், எப்போதும் நடப்பதுதான். இவளுக்குத் தெரியாததா அது... சின்ன வயதில் எத்தனை நாள் அம்மாவைத் தேடி வேறு வேறு காட்டுக்குப் போயிருக்கிறாள். தெரிந்தே மறந்துவிட்டாள், கோயமுத்தூருக்குப் போய் ஐந்து வருடத்தில்.

செடிகளுக்கு நடுவில் அந்த வெள்ளைக் கோட்டு நிமிர்ந்தது. அம்மா பார்த்தாள். அம்மாவின் வாய் திறப்பதை, கண்ணு என்பதற்கு முந்தைய அந்த மூச்சை, கயல்விழி பார்த்தாள், உடனே கேமராவைத் தூக்கி முகத்தில் வைத்துக்கொண்டாள். உள்ளே கும்மிருட்டு. லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை. ஷைமா பக்கத்தில் இருந்தாள், திருமலைசாமி சார் ஓரடி முன்னால், அவர் கேமரா கிளிக், கிளிக் என்றது, இவளும் அழுத்தினாள், போகஸை மேனுவலில் வைத்திருந்ததால் மூடி இருந்தும் அது பதிவானது, ஏழு பத்துக்கு முழுக் கறுப்பாக ஒரு படம். யாரும் கூப்பிடவில்லை. பத்து வரை எண்ணினாள், கண்ணை எடுக்கவில்லை, அப்படியே திரும்பி, ஷைமா, அங்க வெளிச்சம் நல்லா இருக்கு வா, என்று வரப்போடு நடந்துவிட்டாள். அவ்வளவுதான். அந்த இருட்டுக்கு வெளியே அம்மா முகம் என்ன ஆயிற்று என்பது இருபத்திரண்டு நாளாகத் தெரியாது.

திருமலைசாமி சார் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பம்பு கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர், சென்ற மாதம் அவளுக்கு ஒரு ட்ரைபாடைச் சும்மாவே கொடுத்தார், அவரைத் திட்டக்கூட முடியாது. டீ கொண்டுவரும் ஆளுக்கும் வாங்க போங்கதான் அவருக்கு. அந்த வாயில்தான் இப்போது, இந்தப் பொம்பளைக்கு ஒரு நாப்பத்தஞ்சு வயசு இருக்குமுங்க, அரிவாளால எலை கழிச்சிட்டு இருந்தா, நம்மளப் பாத்ததும் பாருங்க, என்ன ஒரு சிரிப்பு, கவலைன்னா என்னன்னே தெரியாது, இவங்களுக்கெல்லாம் மனசுல ஒண்ணுமே இல்லீங்க, கள்ளமே இல்ல, நாமதான் எல்லாத்தையும் வெச்சுக்கிட்டு மூஞ்சிய உம்முனு வெச்சுட்டுத் திரியறோம். வந்தா, நின்னா, சிரிச்சா... 'ங்க' இல்லாத அந்த வார்த்தைகளைக் கயல்விழி எண்ணிக்கொண்டிருந்தாள், ஐந்து, ஆறு, ஏழு. அரிவாளைப் பார்த்தீர்களே, விரல் நுனியைப் பார்த்தீர்களா, அந்தப் பச்சைக் கறை சோற்றில் கை வைக்கும்போதும் போயிருக்காது. அந்த இலை வாசனையை ஸ்கூலில் பக்கத்துப் பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சொன்னபோது... வேண்டாம், அது வேறு கதை.

கோட்டைப் பாருங்க, எங்க காலேஜ் கோட்டு மாதிரியே இருக்கு என்றாள் ஷைமா. டாக்டரம்மா மருந்து பறிக்கறாங்க போல. எல்லோரும் சிரித்தார்கள். கயல்விழியும் சிரித்தாள், முகம் தானாகவே சிரித்துவிட்டது, இந்த முகத்தை என்ன செய்வது. யாரோ போட்டுக் கிழிச்சதைக் குடுத்திருப்பாங்க என்றார் சார், அந்த வெள்ளைதான் படத்தையே தூக்கி நிறுத்துது. கண்ணு லென்ஸைப் பாக்கல பாத்தீங்களா என்றார் ரசாக் பாய், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளிப் பாக்குது, வேற யாரையோ. அதான் பாய் அழகே, என்றார் சார்.

தள்ளி... எவ்வளவு தள்ளி? ஓரடி பின்னால், கொஞ்சம் இடப்பக்கமாக, சரியாக அங்கேதான் அவள் நின்றாள். தூக்கிய கை, அது துண்டைச் சரிசெய்யும் கையா, ஆட்டுவதற்குத் தூக்கிய கையா? ஆட்டத் தூக்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் இது முதல் சிரிப்பு, பார்த்த உடனே வந்த சிரிப்பு, மகள் வந்துவிட்டாள் என்கிற சிரிப்பு. அப்படியென்றால் இதற்குப் பிறகுதான் கேமரா ஏறியது, அம்மா என்ன நினைத்திருப்பாள், புள்ள வேலையா இருக்குது, பாக்கல, அவ்வளவுதான் நினைத்திருப்பாள். ஊருக்கு எப்போது வருகிறாய் என்று கேட்காதது மறதி. வேலை அலுப்பு. இருக்கலாம். இருக்கலாமே... இருபத்திரண்டு நாளில் முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது. அந்தச் சிரிப்பை அவள் நன்றாகப் பார்த்தாள், அது தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

ரசாக் பாய் வெள்ளை அட்டையையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். வர்ற வாரம் கண்காட்சிக்கு இதைப் போட்டர்லாமுங்க, மத்தியானம் அட்டை கட்டிரணும், கீழ என்ன எழுதட்டும்? பேரு கேட்டீங்களா சார்? பேரெல்லாம் எதுக்குங்க பாய், பேர் தெரியாத சிரிப்புன்னு போடுங்க, அதான் எஃபெக்ட்டு. நல்லாருக்கு என்றது இரண்டு மூன்று குரல். சரி, எழுதறதுக்கு முன்னால கேள்வி என்றார் பாய், கயலு, உங்க முறை. லென்ஸு அம்பதுதான் என்று ஷைமா முந்திக்கொண்டாள், மறுபடி சிரிப்பு. லென்ஸ் கேட்டால் முடிந்தது, அடுத்த படம் வந்துவிடும், அம்மா பேர் தெரியாத சிரிப்பாகச் சுவரில் ஏறிவிடுவாள், ஒருத்தருக்கும் ஒரு கேடும் இல்லை. ஆனால் நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று ஒரு அரிப்பு, நல்ல செய்திதான் வரப்போகிறது என்கிற ஒரு பேராசை... இது எத்தனாவது ஃப்ரேமுங்க சார் என்றாள்.

அட, நல்ல கேள்வி கேட்டுப்போட்டீங்களே அம்மணி என்று சார் அவள் பக்கமாகவே திரும்பினார். மூணு எடுத்தனுங்க. மொதல்ல குனிஞ்சிருந்தா. ரெண்டாவதுல யாரையோ கூப்படற மாதிரி வாயத் தொறந்து, கையத் தூக்கி, ஆனா மூஞ்சி சரியா வல்ல. அப்புறம் ஒரு மாதிரி நின்னா, என்னத்தையோ யோசிச்ச மாதிரி, அதுக்கப்புறந்தான் கைய அப்படியே துண்டுக்குக் கொண்டு போயிட்டு இந்தச் சிரிப்பு சிரிச்சா. மூணாவதுதான் இது. அவர் ஞாபகம் வந்தவராகத் தொடையைத் தட்டினார், இன்னொண்ணு சொல்ல மறந்துபோட்டேன், நீங்கெல்லாம் அந்தப் பக்கம் போனதுக்கப்புறம் எங்கிட்ட வந்து, அந்தப் புள்ள காலைல சாப்டுச்சுங்களான்னு கேக்கறா. எந்தப் புள்ளைன்னேன். சும்மா கேட்டனுங்கன்னு போட்டுக் குனிஞ்சுக்கிட்டா. பாருங்களேன், யாருன்னே தெரியாத நம்ம மேல எத்தன அக்கறை.

மூன்றாவது. அப்படியானால் அம்மா கூப்பிட வாய் திறந்தாள், பார்த்தாள், புரிந்துகொண்டாள், பிறகு சிரித்தாள். மகள் நின்ற திசையைப் பார்த்தபடியே, நீ தெரியாத மாதிரியே இரு கண்ணு, எனக்கும் தெரியாத மாதிரியே இருக்கத் தெரியும் என்று, பதினோரு பேருக்கு முன்னால், எல்லாப் பல்லும் தெரிய. இவள் தலையை ஆட்டியது எத்தனை விநாடி, அம்மாவுக்கு எத்தனை விநாடி ஆகியிருக்கும்? ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவில்தான். ரசாக் பாயின் பேனா பே எழுதிவிட்டு ர் எழுதப் போனது. அம்மா இவ்வளவு பாடுபட்டு மறைத்துக் கொடுத்ததை இப்போது உடைத்தால் அது அம்மாவுக்காகவா, இல்லை, தன் நெஞ்சு அடைத்துக்கொண்டு இருக்கிறதே, அதற்காகவா? சொல்ல வேண்டிய காது இந்த அறையில் இல்லை, அது இந்நேரம் ஏதோ ஒரு காட்டில் குனிந்து இலை கழித்துக்கொண்டிருக்கும். இங்கே சொல்வதால் அங்கே என்ன ஆகும்? தெரியவில்லை. வாய் மட்டும் திறந்துவிட்டது.

பேரு இருக்குதுங்க பாய் என்றாள், தன் குரல் இவ்வளவு சத்தமாக இருக்கும் என்று அவளுக்கே தெரியாது, பேனா நின்றது. மாசாணியம்மாள். எங்களுக்குத் தோட்டமெல்லாம் இல்லீங்க சார். அவங்க எங்கம்மா. என்னையத்தான் கூப்பிட வந்தாங்க, நான் பாத்துட்டும் மூஞ்சிய மறைச்சுக்கிட்டேன்.