இடப்பக்கம் போட்ட கோடு

கடல் மீட்பு அறையில் அவருக்குத் தென்கடலார் என்று பேர். பூமியின் தெற்குப் பாதியில் பன்னிரண்டு வருஷம் கப்பலில் குப்பை கொட்டியவர். அந்தப் பெருமையை வாய் ஓயாமல் பேசுவார். காணாமல் போனவர் எந்தப் பக்கம் மிதந்திருப்பார் என்று கம்ப்யூட்டர் சொல்ல இருபது நிமிஷம் ஆகும். இவருக்கு வரைபடமும் பென்சிலும் போதும். "அது கண் முழிக்கிறதுக்குள்ள நான் ஆளையே தூக்கிட்டு வந்துடுவேன்" என்பார்.

அன்று காலை எட்டு மணிக்குப் போன் செய்தது அவர் தங்கச்சியின் புருஷன். "மச்சான், படகு கவிழுது!" இடத்தைச் சொன்னான், லைன் போய்விட்டது. லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பான்தான். ஆனால் அந்தக் குளிர்ந்த தண்ணீரில் நாலைந்து மணி நேரம் தாங்கினாலே பெரிது. தென்கடலார் பதறிப்போய் வரைபடத்தில் கோடு போட்டார்.

காற்று தள்ளுகிற தண்ணீர் காற்றோடு நேராகப் போகாது. பூமி சுழல்வதால் தெற்குப் பாதியில் இடப்பக்கம் ஒதுங்கும், வடக்குப் பாதியில் வலப்பக்கம். இது அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் பன்னிரண்டு வருஷம் இடப்பக்கமே இழுத்துப் பழகிய கை, இந்த வடக்குக் கடலிலும் இடப்பக்கமே இழுத்துத் தொலைத்தது. மீட்புப் படகுகளெல்லாம் அங்கே பறந்தன.

"சார், கம்ப்யூட்டர் வலப்பக்கம் காட்டுதே" என்றாள் ரேடியோக்காரி.

"அதை நம்பினா உருப்பட்ட மாதிரிதான்!" என்று எரிந்து விழுந்தார்.

மத்தியானம் ஒரு மணிக்கு, வரைபடத்தின் ஓரத்தில் 'வடக்கு அட்சரேகை' என்று அச்சடித்திருந்தது கண்ணில் பட்டது. அடப்பாவி! அலறியடித்துப் படகுகளைத் திருப்பினார். இரண்டு மணிக்கு ஆள் கிடைத்தான், உயிர் இல்லை. "உயிர் போய் ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது" என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கச்சி வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். "எங்கண்ணன் இல்லேன்னா உடம்புகூடக் கிடைச்சிருக்காது."

அவரால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. "என்னைப் புகழாதம்மா. நான்தான் எல்லாப் படகையும் தப்பான பக்கம் அனுப்பினேன். அஞ்சு மணி நேரம் வீணாப்போச்சு. கம்ப்யூட்டர் சரியாத்தான் சொல்லிச்சு, நான்தான் கேக்கல."

அடிப்பாள், சட்டையைப் பிடித்து உலுக்குவாள் என்று நினைத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"நீ வந்துடுவேன்னு நம்பித்தாண்ணே அவரு அவ்வளவு நேரம் உயிரைப் பிடிச்சிட்டிருந்திருப்பாரு" என்றாள்.