நீடாமங்கலம் கேட்டுத் தூக்கம்

தஞ்சாவூர்–திருவாரூர் அரசு பஸ் ஓட்டும் மருதையன் எங்கே தூங்குவார் என்று கேட்டால், அந்தத் தடத்தில் யாரும் அவர் வீட்டைச் சொல்ல மாட்டார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட்டு என்பார்கள். மாற்று ஓட்டுநர் ரிட்டயர் ஆனதிலிருந்து அந்த ஆள் டூட்டியையும் இவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். ஆள் போடுகிறோம், போடுகிறோம் என்கிறார்களே தவிர, போட்டபாடில்லை. கேட்டு மூடினால் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்டீயரிங்கில் தலை சாய்ப்பார். திறந்ததும், முன் சீட்டில் கீரைக்கூடையோடு வரும் கண்ணாத்தாள் கம்பியைத் தட்டி எழுப்புவாள். கேட்டு அடைத்தால் ஊரே ரயில்வேயைத் திட்டும். வாழ்த்துகிற ஒரே ஜீவன் மருதையன்தான்.

அதிலும் மண் விழுந்தது. ஏதோ தனியார் கம்பெனியாம், ஓட்டுநர் தூங்கினால் கண்டுபிடிக்கிற கருவியாம், சோதித்துப் பாருங்கள் என்று இலவசமாகக் கொடுத்ததாம். இலவசம் என்றால் நம் ஆட்கள் விடுவார்களா? மருதையன் மூஞ்சிக்கு நேரே கேமராவை மாட்டிவிட்டார்கள்.

மறுநாள் கேட்டில் அவர் கண்ணை மூடியதுதான் தாமதம். கீச்சென்று ஒரு சத்தம். பின்னாலேயே, செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பெண்குரல்: "நீங்கள் சோர்வாக இருக்கிறீர்கள். வண்டியை நிறுத்தி ஓய்வெடுங்கள்."

மருதையன் திடுக்கிட்டு எழுந்தார். பஸ்ஸே சிரித்தது.

"நிறுத்திட்டுத்தானேடி தூங்குறாரு? தூங்குற ஆள எழுப்பித் தூங்கச் சொல்றியே, நீயெல்லாம் எந்த ஊருடி?" கண்ணாத்தாள் கருவியோடு சண்டைக்குப் போனாள்.

மருதையனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷ சர்வீசில் அவரை ஓய்வெடுக்கச் சொன்ன முதல் குரல் அது. திரும்பி வரும்போது, ஓடுகிற வண்டியிலும் ரெண்டு தடவை சொன்னது. அதுவும் பொய்யில்லை. மனுஷனுக்கு ஆசை வந்துவிட்டது. சாயங்காலம் கிளை மேலாளர் மதிவாணன் முன்னால் போய் நின்றார்.

"சார், நான் சொன்னா நம்ப மாட்டீங்க. மிஷினே சொல்லுது. ஒத்த டூட்டி போடுங்க சார்."

"ஆளு எங்கய்யா இருக்கு? ஆனாலும் நீங்க சொல்றது நியாயம். ஒரு வழி பண்றேன்" என்று மதிவாணன் போனை எடுத்தார்.

வழி மறுநாள் காலையில் லேப்டாப்போடு வந்தது. கம்பெனி இன்ஜினியர் இனியவன் எதையோ தட்டினார். "கொஞ்சம் சென்சிடிவா இருந்துச்சு சார். குறைச்சுட்டேன். இனிமே தொந்தரவு பண்ணாது."

மேலாளர் மருதையன் தோளைத் தட்டினார். "பிரச்சினை தீந்துச்சு. வண்டிய எடுங்க."

அம்மாப்பேட்டை தாண்டி, பஸ் ஒரு தரம் வயல் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. கருவி மூச்சுவிடவில்லை. "தம்பீ!" என்று கத்தியது கண்ணாத்தாள். அப்புறம் நீடாமங்கலம் வரைக்கும் அவள் வாய் ஓயவில்லை. யார் வீட்டில் என்ன சண்டை, யார் மகள் எங்கே போனாள். ஒவ்வொன்றுக்கும் மருதையன் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

நல்லவேளை, கேட்டு மூடியிருந்தது. தலை சாய்ந்தது.

ரயில் போயிற்று. கேட்டு ஏறுகிற சத்தம், பின்னால் லாரிகளின் ஹாரன், எல்லாம் மருதையன் காதில் விழுந்தன. கம்பியில் தட்டு மட்டும் விழவில்லை.

"எழுப்புங்கக்கா, பின்னாடி நிக்கிறவன் வாயில வர்றதெல்லாம் பேசுறான்" என்றது கண்டக்டர் சித்தீக்கின் குரல்.

"பேசட்டும். இந்தப் புள்ள இன்னும் செத்த நேரம் தூங்கட்டும். அவசரம்னா எறங்கி நடக்கச் சொல்லு."

யாரும் இறங்கவில்லை. மருதையன் முழித்துத்தான் இருந்தார். கண்ணை மட்டும் திறக்கவில்லை.