கண்ணாடிக்கடைக்காரரின் காதுப் பரீட்சை

எதிர்வீட்டுக் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு ஹெட்ஃபோனுக்காக ஏழு வாரம் அலைந்தார். அடுத்தவர் மூக்கில் கண்ணாடி மாட்டுகிறவர், கடை கடையாகப் போய்த் தன் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு கண்மூடி நின்றார். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தது. நன்றாகவே பாடியது. அதைச் சொன்னால், "அது பாடுதுக்கா. எனக்குப் பாடறவங்க மூச்சு விடறதும் கேக்கணும்" என்பார். பெண்டாட்டி பெருமூச்சு விடுவது இவர் காதில் விழுந்து எத்தனை வருஷமோ, அதை யார் கேட்பது.

கடைசியில் ஒன்றைக் கொண்டுவந்தார். விலையைக் கேட்டு அவர் மனைவி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பழையது காதை இறுக அடைத்துவிடும். புதியதன் முதுகில் சல்லடை மாதிரி கம்பிவலை. காற்று போய்வந்தால்தான் இசை விரியுமாம். ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். ஆறு நாளும் கூடத்து நாற்காலியில் அதை மாட்டிக்கொண்டு தவமிருந்தார். பக்கத்தில் கதவில்லாத சமையலறை. நான் வழக்கம்போல மேடையில் சாய்ந்து அவர் மனைவியிடம் ஊர்க்கதை, நாத்தனார் கதை என்று நாலு சேதி சொல்லிக்கொண்டிருந்தேன். மனுஷன் காதைத்தான் மூடிக்கொண்டிருக்கிறாரே என்ற நிம்மதி எனக்கு.

ஏழாம் நாள் காலை அவள் ஒரு துண்டும் கம்பளிக் குல்லாவும் எடுத்து வந்தாள்.

"கடையில எல்லாரையும் கேப்பீங்களே, முதல் கண்ணாடியா ரெண்டாவதான்னு. இப்ப நீங்க சொல்லுங்க. அஞ்சு தடவை மாட்டுவேன். ஒண்ணு தப்பினாலும் புதுசு இன்னைக்கே திரும்பிப் போகுது. அக்கா சாட்சி."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கண்ணைத் துண்டால் கட்டி, குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டாள். எடை தெரியக்கூடாதென்று ஹெட்ஃபோனைத் தன் கையாலேயே தாங்கிப் பிடித்தாள்.

"பாட்டைச் சத்தம் கம்மியா வை. அப்பத்தான் நுணுக்கம் புரியும்" என்றார்.

முதல் தடவை வெகுநேரம் யோசித்தார். நான் அவள் காதில், "முழிக்கிறார் பாரு" என்றேன்.

"புதுசு" என்றார். சரி.

அடுத்தது பழசு, அதுவும் சரி. மூன்றாவதும் சரி. நாலாவதில், "மண்டையிலதான் ஒண்ணும் இல்லை, காதுல மட்டும் என்ன வாழுதாம்" என்று முணுமுணுத்தேன். சிரிப்பை அடக்க அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"புதுசு." சரி.

ஐந்தும் சரி. அவள், திருப்பித் தர எடுத்துவைத்த காலி அட்டைப்பெட்டியைப் பரணில் போட உள்ளே போனாள்.

அவர் துண்டை அவிழ்த்தார். "நன்றிக்கா. பாட்டுல ரெண்டும் எனக்கு ஒண்ணாத்தான் இருந்துச்சு. உங்க குரல் கேட்டா புதுசு, கேக்கலைன்னா பழசு."

அவள் வருகிறாளா என்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டேன். "அப்ப இந்த ஆறு நாளும்?"

"கம்பிவலை வழியா எல்லாம் வரும். உங்க நாத்தனார் கதை அபாரம். திங்கக்கிழமை கண்ணு காட்ட என் கடைக்குத்தான் வர்றாங்க."

அதற்குள் அவள் திரும்பிவிட்டாள். "என்னக்கா சொல்றார்?"

"உன் வீட்டுக்காரர் காது லேசுப்பட்ட காது இல்லைடி" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.