இரண்டு பக்கமும் கேட்கிற ஹெட்போன்

1

இந்தக் கதை என் கோழைத்தனத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பாதிக் கதையில் நீங்களே கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட இது மேல்.

போன வருடம் ஆனி மாதத்தில் ஒரு நாள், திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி விழுப்புரத்துக்கு ஹெட்போன் வாங்கப் போனேன். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு அதுதான் முதல் நல்ல ஹெட்போன். மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். அதற்குமுன் ஒரு மாதம் யூடியூபில் முகம் தெரியாத பலர் எனக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். வயர் உள்ளதா, இல்லாததா? காதின்மேல் உட்காருவதா, காதை முழுக்க மூடுவதா? பாஸ், அதாவது அடிச்சத்தம், அதிகம் இருந்தால் பாடுகிறவர் குரல் அமுங்கிவிடுமே, பரவாயில்லையா? எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது, தொடங்கிய அன்றைவிட அதிகமாகக் குழம்பியிருந்தேன்.

கடையில் வேலை பார்க்கும் ஜெசி என்ற பெண், காதை முழுக்க மூடுகிற கறுப்பு ஹெட்போன் ஒன்றை எடுத்துத் தந்தாள். வயர் உள்ளது. என் போனில் செருகிக் கேட்டேன். இரண்டு பக்கமும் தெளிவாகக் கேட்டது. இந்த வாக்கியத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதன்மேல்தான் நிற்கிறது.

எனக்கோ முடிவெடுக்கத் தயக்கம். கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு, பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஒருவர் வந்தார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். முதுகில் ஏதோ ஒரு சவுண்ட் சர்வீஸ் பெயரும், கெடார் என்ற ஊர்ப்பெயரும் அச்சடித்த டீசர்ட். நான் வைத்த அதே ஹெட்போனை எடுத்தார். எந்தப் பக்கம் எல், எந்தப் பக்கம் ஆர் என்று பார்த்துச் சரியாக மாட்டினார். தன் போனில் செருகி, தெரிந்த மேளம் ஒன்றை அரை நிமிடம் கேட்டார்.

"லெப்ட் சைடு வேல செய்யலம்மா. நாதஸ்வரம் ரைட்ல கணீர்னு வருது. தவுலு லெப்ட்ல வரணும், எங்கியோ கெணத்துக்குள்ள அடிக்கிறாப்ல இருக்குது."

ஜெசி பெட்டி பிரித்து இன்னொன்றைக் கொடுத்தாள். அதுவும் அப்படியே என்றார். வேறு கம்பெனி ஒன்றைக் கொடுத்தாள். அதுவும்.

"இன்னா பேஜாரு இது. திண்டிவனத்துல வாங்குனதும் இப்டித்தான். சண்ட போட்டு மாத்திக்கினு வந்தேன், அதும் லெப்ட் அவுட்டு. எல்லாம் டூப்ளிகேட்டா வுடுறானுங்களா?"

ஜெசி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவளுக்கு முன்பே புரிந்துவிட்டது, ஏனென்றால் முதல் ஹெட்போனை நான் அப்போதுதான் போட்டுக் கேட்டிருந்தேன். நான் சுவரில் தொங்கிய சார்ஜர்களைப் பார்த்தேன்.

"அடுத்த வாரம் வேற மாடல் வருதுண்ணா. வந்து பாருங்க," என்றாள் ஜெசி.

அவர் போய்விட்டார். அவர் கழற்றி வைத்த அந்தக் கறுப்பு ஹெட்போனை நான் வாங்கிக்கொண்டு வந்தேன். நடந்தது இவ்வளவுதான். இனிமேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

2

அவருக்குத் தென்னரசு என்று பெயர் வைக்கிறேன். கடையில் பார்த்தவர் "அவர்". கதைக்குள் வந்ததும் "அவன்" ஆகிவிடுவான். எழுதுகிறவர்களுக்கு இந்த மரியாதைக் குறைவு பழகிப்போன ஒன்று.

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

[தென்னரசுவின் இடது காது போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அது அவனுக்கு இன்னும்—]

வேண்டாம். அவனுக்கே தெரியாததை முதல் வரியில் உங்களிடம் சொல்வது அவனுக்குப் பின்னால் நின்று சிரிப்பது மாதிரி.

[ஆடி பிறந்துவிட்டால் கெடாரைச் சுற்றி அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள். குழாய் ஸ்பீக்கர்கள் புளியமரத்தில் ஏறி—]

இதுவும் வேண்டாம். ஊர் பார்க்க வந்தவன் எழுதியது போல இருக்கிறது.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்.

3

தென்னரசு பத்தொன்பது வயதில் மைக் செட் தொழிலுக்கு வந்தான். ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்தான்; நிலம் வருடத்தில் சில மாதம் சும்மா இருக்கும், மைக் செட் சும்மா இருக்காது. காதுகுத்து, கல்யாணம், கூழ் ஊற்றுதல், கட்சிக் கூட்டம், சாவு எல்லாவற்றுக்கும் அவன்தான். மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவான். வலது கை கிளையைப் பிடித்திருக்கும். கட்டி முடித்ததும் கீழே இருப்பவனிடம் "போடு" என்பான். சத்தம் சுத்தமாக வருகிறதா, கரகரக்கிறதா என்று பார்க்க இடது காதைக் குழாயின் வாயோடு ஒட்டுவான்.*

அந்த வருடம் தை மாதத்தில் கண்டமங்கலத்தில் ஒரு புதுக் கல்யாண மண்டபம் திறந்தார்கள். அதன் மேனேஜர் மணிமாறனுக்குத் தென்னரசுவின் கைத்திறம் பிடித்துப்போனது.

"மாசச் சம்பளம் பா. மேடையில பாடுறவங்க, மேளக்காரங்க எல்லாரையும் மிக்ஸர்ல உக்காந்து நீ பாத்துக்கணும். ஸ்பீக்கர நம்பிக்கினு ஓட்டக் கூடாது, ஹெட்போன் வச்சித்தான் மிக்ஸ் பண்ணணும். உனக்குனு நல்லதா ஒண்ணு வாங்கிக்கினு வந்துடு. ஆவணி மொதத் தேதி சேந்துடு."

மரம் ஏறாத வேலை. வாடகைக்கு யாராவது வந்து கூப்பிடுவார்களா என்று காத்திருக்காத வேலை. தென்னரசு சந்தோஷப்பட்டான். அவன் மனைவி சித்ரா அவனைவிடச் சந்தோஷப்பட்டாள். ஒரு கல்யாண வேலைக்குத் திண்டிவனம் போனவன், வரும்போது ஹெட்போனோடு வந்தான். வீட்டில் உட்கார்ந்து மாட்டினான். சித்ரா எதிரே நின்று முகத்தையே பார்த்தாள்.

"எப்டி கீது மாமா?"

"ஒரு பக்கம் வரலடி."

"எந்தப் பக்கம்?"

"லெப்ட்டு."

சித்ரா ஹெட்போன் பெட்டியை எடுத்து மூடினாள். இரண்டு வருடமாக அவள் வண்டியில் அவன் பின்னால் உட்கார்ந்து போகும்போது, பேச நினைத்தால் வலது தோள் பக்கமாகத்தான் குனிவாள். சாப்பாடு போடும்போதும் வலது பக்கம் வந்து நின்றுதான் இன்னும் வேணுமா என்று கேட்பாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இடது பக்கம் நின்று பேசிப் பதில் வராமல் கோபித்துக்கொண்ட நாட்களில் அவளாகவே கற்றுக்கொண்டது.

"மாத்திக்கினு வந்துடு மாமா," என்றாள்.

* குழாயில் ஒட்டியது இடது காதைத்தான் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கடையில் கேட்காமல் போனது இடது பக்கம். அதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் இல்லாமல் ஒரு காது போவதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

4

சித்ராவை நான் சரியாக எழுதவில்லை என்று தோன்றுகிறது. இவ்வளவு தெரிந்தவள் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவளைப் பேச வைத்தால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்பதால் நான்தான் அவள் வாயை அடைத்துவிட்டேனோ?

(அப்படி இல்லை. நானும் அன்று பேசவில்லை. நான் பேசாததற்கு ஒரு துணை தேவைப்பட்டது. அதற்குத்தான் அவளைப் படைத்தேன்.)

இங்கே எது பணயத்தில் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இடது பக்கம் கேட்கவில்லை என்று தென்னரசு வால்யூமைக் கூட்டுவான். இடது காதுக்கு அது எட்டாது. வலது காது அத்தனையையும் வாங்கும். யாரும் சொல்லாமல் விட்டால் இருக்கிற ஒரு காதும் போகும். சொன்னால் கண்டமங்கலம் வேலை போகும். பதினேழு வருடமாக ஊரில் அவனுக்கு இருக்கிற பெயரும் போகலாம். காது கேட்காத மைக் செட்காரனை யார் கூப்பிடுவார்கள்?

5

மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதல் முடிவில் ஜெசி, "அண்ணா, ஒரு நிமிஷம்" என்று ஹெட்போனை வாங்கித் திருப்பி, வலது பக்கம் இடது காதுக்கு வருகிற மாதிரி மாட்டிவிடுகிறாள். இப்போது நாதஸ்வரம் கிணற்றுக்குள் போகிறது. தவில் கணீரென்று கேட்கிறது. தென்னரசு ஹெட்போனைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டு—

அதற்குமேல் எழுத முடியவில்லை. அவன் முகத்தை நான்கு தடவை எழுதி நான்கையும் அடித்தேன்.

இரண்டாவது முடிவில் யாரும் எதுவும் சொல்வதில்லை. அவன் ஆறாவது ஹெட்போன் வாங்குகிறான், வேலையில் சேருகிறான். பிறகு ஒரு கல்யாணத்தில் எல்லோரும் காதைப் பொத்திக்கொள்ள, அவன் மட்டும் போதவில்லை என்று வால்யூம் குமிழைத் திருகிக்கொண்டிருக்கிறான். இதை ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அவ்வளவு சுலபமாக வந்ததனாலேயே கிழித்துப் போட்டேன்.

மூன்றாவதில் நான் வருகிறேன். கடையை விட்டு ஓடிவந்து பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்து, டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகச் சொல்லி, காது டாக்டரிடம் அழைத்துப் போகிறேன். அதைப் படித்த என் மனைவி சொன்னது: "நீங்க ரொம்ப நல்லவரா வர்றீங்க." அதையும் எடுத்துவிட்டேன்.

6

கதைக்குச் சில தொழில் விவரங்கள் தேவைப்பட்டன. திண்டிவனத்தில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் மைக் செட் வைத்திருக்கும் செல்வகுமாரைப் போய்ப் பார்த்தேன். குழாய், பாக்ஸ், ஆம்ப்ளிபயர் எல்லாம் காட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டே, ஒரு பக்கம் சத்தம் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல சார். மொதல்ல மாத்திக் குத்துவோம். லெப்ட் வயர ரைட்ல, ரைட்ட லெப்ட்ல. ஊம பக்கம் மாறுச்சின்னா மிஷின்ல கோளாறு. மாறாம அதே பாக்ஸ் ஊமையாவே இருந்திச்சின்னா பாக்ஸ்ல கோளாறு. ஒரு நிமிஷ வேல."

"எல்லாரும் இப்படித்தான் செய்வாங்களா?"

"இது தெரியாதவன் இந்தத் தொழிலே பண்ண முடியாது சார். ஒரு பங்ஷனுக்குப் பத்து வாட்டி மாத்திக் குத்துவோம். கை தானா பண்ணும்."

எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

கை தானாகவே செய்யும். அப்படியானால் அன்று கடையில் மூன்று ஹெட்போனிலும் அந்தக் கை ஏன் அதைச் செய்யவில்லை? எல், ஆர் பார்த்துச் சரியாக மாட்டத் தெரிந்தவருக்கு ஒரு தடவை மாற்றி மாட்டிப் பார்க்கத் தோன்றாதா? திண்டிவனத்தில் இரண்டு, விழுப்புரத்தில் மூன்று. ஐந்து தடவையும் எப்படி மறக்கும்?

அவர் மறக்கவில்லை. மாற்றி மாட்டினால் என்ன தெரியவரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குப் பயந்து கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறார். ஏதாவது ஒரு ஹெட்போன், ஒன்றே ஒன்று, தன் பயம் பொய் என்று சொல்லிவிடாதா என்று. அவர் போட்ட சத்தத்தை நான் கோபம் என்று நினைத்திருந்தேன். உங்களிடமும் அப்படித்தான் எழுதிக் காட்டினேன். முதல் பகுதியைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன். நான் எவ்வளவு தப்பாகக் கேட்டேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.

அடுத்த நாளே விழுப்புரம் போனேன். ஜெசி என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"அவர் திரும்ப வந்தாரா?"

"வர்ல சார்."

"அன்னைக்கு நீ ஏம்மா சொல்லல?"

அவள் கவுண்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "எப்டி சார் சொல்றது? ஹெட்போன் நல்லாத்தான் இருக்குது, உங்க காதுதான் போச்சுன்னா? அதும் கடையில நின்னுக்கினு, உங்கள வச்சிக்கினு? நீங்க போயிருந்தா ஒருவேள சொல்லிருப்பேன்."

நான் அங்கே நின்றதுதான் தடை என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

7

ஆகையால் என்னிடம் முடிவு இல்லை. தென்னரசுவை நான் விருப்பம் போல முடிக்கலாம். அந்த டீசர்ட்காரரை முடிக்க எனக்கு உரிமை கிடையாது.

கறுப்பு ஹெட்போன் மேஜைமேல் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதில் நான் ஒரு பாட்டுகூட நிம்மதியாகக் கேட்டதில்லை. நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். கெடார் பக்கம் ஏதாவது விசேஷத்துக்குப் போனால், மைக் செட் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். அவர் அங்கே இருந்தால், வலது பக்கமாகப் போய் நின்று பேசுங்கள். கூட யாரும் இல்லாத நேரமாகப் பாருங்கள். இதைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா வந்துவிடுவதா, மாற்றி மாட்டிப் பாருங்கண்ணே என்று ஒரு வார்த்தை சொல்வதா என்பதை அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள். நான் பார்க்க வேண்டிய நேரத்தில் சார்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். ஹெட்போனில் கோளாறு இல்லை. இதை எழுதுவதற்கு முன்னால்கூட மாட்டிப் பார்த்தேன், மாற்றியும் மாட்டிப் பார்த்தேன். எனக்கு இரண்டு பக்கமும் கேட்கிறது.