அட்டைக்கு அந்தப் பக்கம்

குடங்களைக் கவிழ்த்தாயிற்று, அண்டாவையும் சாய்த்தாயிற்று. உலகநாதனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனதும், வீட்டில் ஒரு சொட்டுப் பழைய தண்ணீர் இருக்கக் கூடாதென்று அவன் அக்கா பஞ்சவர்ணம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். தம்பி கல்யாணத்தன்று குத்தம்பாக்கத்திலிருந்து அவள் வந்த பஸ் தாமதமாகி, தாலியில் நாத்தனார் போட வேண்டிய முடிச்சை வேறு யாரோ போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து இந்த ஆவடி குவார்ட்டர்ஸ் படியை மிதிக்காதவள். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு. இன்று காலையில்தான் வந்தாள்.

நாகவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புருஷன் போனதிலிருந்து வாயே திறக்கவில்லை, அழவுமில்லை. ஜன்னலில் அவர் வளர்த்த இரண்டு ஃபைட்டர் மீன்கள், ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு ஒன்றாக, நடுவில் காலண்டர் அட்டை. மீனுக்கு நல்லதென்று பாதாம் இலை ஊறப்போட்ட தண்ணீர் வழியே சாயங்கால வெயில் இறங்கி, தரையில் சிவப்பும் நீலமுமாக அசைந்தது. நிறம் அவள் கால்வரை வந்துவிட்டுப் போனது. வாசலில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. ஷிஃப்ட் விட்டு அவர் வருகிற நேரம்தான்.

பஞ்சவர்ணம் இரண்டு பாட்டிலையும் ஒரே வாளியில் கொட்டினாள்.

சிவப்பு மீன் செவுளை விரித்தது. நீலம் திரும்பியது.

"அண்ணி, ஒண்ணா போடாதீங்க. கடிச்சிக்கினே செத்துடும்."

சொன்னது தான்தான் என்று நாகவல்லிக்குத் தெரியவே கொஞ்ச நேரமாயிற்று. அதற்குள் நான்கு கைகளும் வாளிக்குள் இருந்தன. நீலத்தின் வால் ஓரம் கிழிந்து மிதந்தது. பஞ்சவர்ணத்தின் உள்ளங்கையில் சிவப்பு துள்ளியது. பாட்டில்களில் புதுத் தண்ணீர் ஊற்றி, பழைய இலையையும் போட்டு, தனித்தனியாக விட்டார்கள்.

"பாவம், எப்பவும் தனியாவே கெடக்கணுமா? கூட எத்தயும் உடக்கூடாதா?"

"கப்பி மீனு உட்டுப் பாத்தாரு. நீள வாலா மினுக்குச்சா, தன்னாட்டம் இன்னொருத்தன்னு இது கடிச்சிப் போட்டுச்சி. ஏஞ்சல் மீனு உட்டாரு, அது இத்த கடிச்சிச்சி. அப்பால ஏரியிலேந்து ஒரு நத்த எட்த்தாந்தாரு. அது பாட்டுக்கு கீழ கெடந்துச்சி, இது பாட்டுக்கு மேல. அத்தோட மட்டும் ஒத்துப்போச்சி."

பஞ்சவர்ணம் அட்டையைத் திரும்பச் செருகப் போனாள். நாகவல்லி அவள் கையைப் பிடித்தாள்.

"தெனம் இந்நேரம் அத்த எடுத்துட்டு பாக்க உடுவாரு. ஒண்ண ஒண்ணு பாக்காமலே கெடந்தா வாலு சுருங்கிடுமாம்."

இரண்டு மீன்களும் எதிரெதிரே வந்து நின்றன. சிவப்பு முழுசாக விரிந்தது. அவர் இல்லாமல் இதைப் பார்க்கிறோமே என்று நாகவல்லிக்கு அழுகை வந்தது. பஞ்சவர்ணம் அவள் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"பூந்தமல்லி பஸ் வந்துகினு கீது, குத்தம்பாக்கம் போறவங்க கெளம்புங்க" என்று பக்கத்து வீட்டு சுசீலா வாசலிலிருந்து சொன்னாள்.

"அட்டைய எப்ப வெக்கணும்?" என்று பஞ்சவர்ணம் கேட்டாள்.

"கொஞ்ச நேரம் போவட்டும் அண்ணி."

பஞ்சவர்ணம் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, நாகவல்லி பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். தெருக்கோடியில் பஸ் நின்று, புறப்பட்டது. பாட்டிலுக்குள் கிழிந்த வால் மெதுவாக விரிந்தது.