கூரையை மேற்கே தள்ளியவர்கள்

பொழுது சாய்ந்ததும் வெளியே இருக்கும் சின்னக் கேமரா எடுத்த படத்தில், நேற்றுவரை இல்லாத ஒரு வெளிச்சப் புள்ளி.

"நட்சத்திரம் வெடிச்சிருக்குடா!" என்றாள் அக்கா. அந்த வான் ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான்.

"போன தடவையும் இப்படித்தான் குதிச்சீங்க. கடைசியில அது வழியோட போன விண்கல்லு," என்றான் கணக்கு. கணக்குப் போடுகிறவன் என்பதால் வந்த பெயர்.

அந்தக் கேலியை அவள் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாள். பெரிய தொலைநோக்கியில் பிடித்து ஒளியைப் பிரித்துக் காட்டினால்தான் யாரும் நம்புவார்கள். புள்ளியோ மேற்கே இறங்கிக்கொண்டிருந்தது. இங்கே மறைந்துவிட்டால், முதலில் கண்டுபிடித்த பெயரை வேறு நாட்டுக்காரன் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

தொலைநோக்கி வானம் பார்க்கும் கூரைத் திறப்போ கிழக்கே பார்த்து நின்றது. பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது, புகை விட்டது, படுத்துவிட்டது.

"கையால தள்ளுங்கடா!"

வட்டத் தண்டவாளத்தில் சுற்றும் இரும்புக் கூரை. கணக்கு வடக்குச் சுவருக்கு ஓடினான். கண்ணாடிகளைப் பார்த்துக்கொள்ளும் அவன் மச்சான் தெற்குச் சுவருக்கு ஓடினான்.

"மேற்க தள்ளு மச்சான்!"

"மேற்கதான்யா தள்றேன்! நீ சும்மா சாஞ்சுக்கிட்டு நிக்கிறியா?"

நாற்காலியிலேயே வளர்ந்த உடம்புகள். மூச்சு வாங்கியது, சட்டை கிழிந்தது, கூரை இம்மியும் நகரவில்லை. துரு என்று எண்ணெய் ஊற்றினார்கள். அதில் கணக்கே வழுக்கி விழுந்தான். எழுந்து மறுபடி முக்கினான்.

அக்கா இருவரையும் மாறிமாறிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப்பாவிகளா, இது வண்டியா? வட்டம்டா! நீ வடக்க நின்னு மேற்க தள்ற, அவன் தெக்க நின்னு மேற்க தள்றான். ஒருத்தன ஒருத்தன் தள்ளிக்கிட்டுக் கெடக்கீங்க!"

வானத்தில் திசை தவறாத இருவரும் திருதிருவென்று விழித்தார்கள். பிறகு மூவரும் ஒரே பக்கம் சேர்ந்து மாடு மாதிரி முட்டினார்கள். கிறீச்சென்று அலறிக்கொண்டு கூரை சுழன்றது.

தொலைநோக்கி புள்ளியைப் பிடித்ததும் திரையில் ஒளி பிரிந்து விழுந்தது. அகன்று பரந்த கோடுகள். வெடித்துச் சிதறுகிற நட்சத்திரத்துக்கே உரியவை.

"வெடிச்சிருச்சுக்கா! வெடிச்சிருச்சு!" தனக்கே பிள்ளை பிறந்த மாதிரி கணக்கு மச்சானைக் கட்டிக்கொண்டு குதித்தான்.

உலக வானியலாளர்களுக்கு அனுப்பும் அறிவிப்பைத் தட்டச்சு செய்ய அக்கா உட்கார்ந்தாள். தள்ளிய கைகள் வெடவெடத்தன. எழுத்துக்கு எழுத்து தப்பு.

"நகருங்கக்கா." கணக்கு உட்கார்ந்தான். கண்டுபிடித்தவர்கள் வரிசையில் யாரும் சொல்லாமலே அவள் பெயரை முதலில் அடித்தான். "அனுப்பட்டுமா?"

"கைய எடு. அத நான்தான் அனுப்புவேன்."

விரல்களை நம்பாமல் முழங்கையால் அழுத்தினாள்.