முப்பதாவது புள்ளிக்குப் பிறகு

இவாஞ்சலினுக்கு முப்பதாவது புள்ளி வந்ததும் அவள் மாமனார் மரிய ஜோசப் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"அப்பா, இருங்க. இன்னும் முடியல," என்றான் வின்சென்ட்.

அவர் காதில் வாங்கவில்லை. எதிரே மாதா கோயில். அங்கே மணியடிப்பது அவர்தான்.

வின்சென்ட் மறுபடி போனைப் பார்த்தான். அவன் மனைவி வியட்நாமில் கோலைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கேரம் பில்லியர்ட்ஸ். மூன்று பந்துகள், குழியே இல்லாத மேசை. தன் பந்து மற்ற இரண்டையும் தொட வேண்டும். இரண்டாவதைத் தொடுவதற்குள் மூன்று முறையாவது விளிம்பில் மோதியிருக்க வேண்டும். தொட்டால் ஒரு புள்ளி; தவறும்வரை தொடர்ந்து அடிக்கலாம். ஆட்டம் முப்பது புள்ளிக்கு.

சென்னையை அடுத்த ஒரகடத்தில் அவள் வேலை பார்த்தபோது, கம்பெனி விடுதியில் கொரியக்காரர்களிடம் பழகிய ஆட்டம். கல்யாணப் பேச்சில் அவள் வைத்த ஒரே நிபந்தனை, அப்படி ஒரு மேசை. இரண்டு வருடத்துக்கு ஐந்து அறுப்பு வரும் தோட்டம் என்றும் பாராமல், திராட்சைப் பெட்டி அடுக்கும் கொட்டகையை வின்சென்ட் காலிசெய்து கொடுத்தான். "குழியே இல்லாம பந்த எங்கனடா போடுறது?" என்று காமயகவுண்டன்பட்டி மூன்று வருடம் கேட்டது.

இது ஆண்டின் கடைசிப் போட்டி, அதன் இறுதி ஆட்டம். வென்றால் கொரியாவில் ஓராண்டு ஒப்பந்தம். தோற்றால் புதன்கிழமை வீட்டில் இருப்பாள்.

மணி அடிக்கத் தொடங்கியது. பிற்பகல் மூன்றே காலுக்கு அந்த மணி அடித்தால் ஊரில் ஒரே அர்த்தம்தான். அடுத்த தோட்டத்து ஒச்சாண்டி தோளில் துண்டோடு ஓடிவந்தார்.

"யாருப்பா போயிட்டாக?"

"யாரும் போகலண்ணே. நம்ம இவா முப்பது எடுத்துட்டா."

"அப்ப ஜெயிச்சாச்சா?"

"இல்ல. இவதான் முதல்ல ஆரம்பிச்சா. அதனால எதிர்ல ஆடுற வியட்நாம் பொண்ணுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கு. நாலு எடுத்தா சமம். அப்புறம் யாரு வேணாலும் ஜெயிக்கலாம்."

"அந்தப் பிள்ளைக்கு இப்பவே மணியடிச்சிட்டாகளா ஒங்கப்பா?"

வியட்நாம் பெண் ஒன்று எடுத்தாள். இரண்டு. குனிந்து, நீண்ட நேரம் பார்த்து, மூன்று. மரிய ஜோசப் வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தார்.

"ஏலே, இவ எதுக்கு இன்னும் ஆடுறா?"

ஒச்சாண்டி அவரைக் கைபிடித்து உட்காரவைத்தார்.

நான்காவது அடி. அவள் பந்து ஒன்றைத் தொட்டு, மூன்று முறை விளிம்பில் மோதி, மிச்சமிருந்த சிவப்புப் பந்தை நோக்கி மெதுவாக வந்தது. பட்டுவிடட்டும் என்று வின்சென்ட் நினைத்தான். நினைத்ததும் அவனுக்கே திக்கென்றது.

பந்து சிவப்புக்கு ஒரு நூல் தள்ளி நின்றது.

ஒச்சாண்டி அவனைக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். மரிய ஜோசப் மறுபடி கோயிலுக்குப் போனார். இந்த முறை யாரும் அவரைத் தடுக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவள் வீடியோவில் வந்தாள். கழுத்தில் பதக்கம், சற்றுக் கோணலாக.

"ஏங்க, பாத்தீகளா?"

"பாத்தேன்."

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"அந்தக் கடைசி அடி பட்டுறணும்னு நினைச்சுட்டேன், இவா. ஒரு நொடிதான்."

அவளுக்குப் பின்னால் யாரோ நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றாள்.

"நீ அப்படி நினைக்கலாமா? ஆடுறவ நீ."

"நீங்க மட்டும் நினைக்கலாமாக்கும்?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போயிட்டு வா," என்றான். "திராட்சை ரெண்டு தடவை அறுத்தா வருசம் ஓடிரும்."

"ரெண்டரை தடவை," என்றாள்.